மேட்டுப் பக்கம்

பந்து காப்பித் தோட்டத்துக்குள் உருண்டுவிட்டால், கடைசியாக யார் காலில் பட்டதோ அவர்தான் போய் எடுத்து வர வேண்டும் என்பது அந்தக் கிரவுண்டின் சட்டம். கோச் ஈவ்லின் அக்கா போட்ட சட்டமில்லை, அவள் பிறப்பதற்கு முன்பிருந்தே இருப்பது. அதன்படி அன்று சாயங்காலம் கீர்த்திகா ஆடிய நேரத்தைவிடத் தோட்டத்துக்குள் குனிந்து தேடிய நேரம்தான் அதிகம். முள்கம்பிக்கு அடியில் நுழைந்து, மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களைத் தாண்டி, ஏதாவது ஒரு செடியின் தூரில் கிடக்கும் பந்தை அணைத்துக்கொண்டு அவள் மேலே ஏறி வரும்போதெல்லாம் கோல் கீப்பர் ரிஸ்வானா கம்பத்தில் சாய்ந்து நின்று வரவேற்பு கொடுத்தாள். "வா கண்ணு. தோட்டத்துல உனக்குச் சம்பளம் எப்பத்திலிருந்து?" ரிஸ்வானாவின் அப்பா பஸ் ஸ்டாண்டில் மிளகும் ஏலக்காயும் விற்கிறவர். அவர் கடை மூடினாலும் மகளின் வாய் மூடி யாரும் பார்த்ததில்லை. கீர்த்திகாவோ நேர்மாறு. சிரித்தால்கூடச் சத்தம் வராது. "வாயில கொழுக்கட்டையா வெச்சிருக்கறே?" என்று கேட்காத ஆசிரியர் அவள் வகுப்பில் கிடையாது.

போன வருஷம் இப்படியில்லை. போன வருஷம் அவள் குட்டையாக, விறுவிறுவென்று, எட்டிப் பிடித்தால் நழுவிப் போகிற பெண்ணாக இருந்தாள். பேசாவிட்டால் என்ன, பந்து அவள் காலோடு பேசிக்கொண்டே வரும். பதிமூன்று வயது ஆனதும் உடம்புக்கு என்ன அவசரமோ, சித்திரையில் தைத்த பாவாடை ஆவணிக்கெல்லாம் முழங்காலைத் தொட ஆரம்பித்தது. பள்ளிக்கூடத்தில் முன்வரிசையில் நின்றவளைப் பின்வரிசைக்கு அனுப்பினார்கள். அம்மா ஒவ்வொரு மாதமும் கதவு நிலையைப் பார்த்துவிட்டு, "இன்னுங் கொஞ்சம் போனா ஊட்டையே ஒசத்திக் கட்டோணும்" என்றாள். வளர்ந்தது கூடப் பரவாயில்லை. கால்கள்தான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. பந்தைத் தொடலாம் என்று அவள் நினைத்து முடிப்பதற்குள் கால் பந்தைத் தாண்டிப் போயிருக்கும். தன் காலே தடுக்கி விழுவாள். பந்து பள்ளத்தில் உருளும், அப்புறம் சட்டம் தன் கடமையைச் செய்யும்.

அந்தக் கிரவுண்டைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஏற்காட்டில் சமமான இடம் என்று ஒன்று இருந்தால் அதில் ஏற்கெனவே ஒரு லாட்ஜ் நிற்கும். மிச்சமிருந்த சரிவில்தான் யாரோ ஒரு காலத்தில் இரண்டு கோல் போஸ்ட் நட்டு அதைக் கிரவுண்டு என்றார்கள். ஒரு பக்கக் கோடு மேட்டில், எதிர்ப்பக்கக் கோடு பள்ளத்தில். அதனால் அங்கே ஆடும் பெண்களுக்கு இடது, வலது என்ற பேச்சே கிடையாது. "மேடு" என்று கத்தினால் மேட்டுப் பக்கம் தட்ட வேண்டும், "பள்ளம்" என்றால் பள்ளத்துப் பக்கம். பாதி ஆட்டம் முடிந்து திசை மாறினாலும் மேடு மேடுதான், குழப்பமில்லை. பந்தை நேராக அடித்தால் நேராகப் போகாது, கொஞ்சம் மேடு பார்த்து அடித்தால்தான் இறங்கி வந்து ஆள் காலில் சேரும். இதை யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. நடக்கப் பழகியதுபோல அந்தக் கால்களுக்கு அது தானாக வந்த கணக்கு.

குதிகாலில் வலி வந்ததைக் கீர்த்திகா யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஆட விடமாட்டார்கள் என்ற பயம். ஆனால் ஈவ்லின் அக்கா பந்தைப் பார்க்கிற பார்வையில் பாதியை ஆடுகிறவர்களின் நடையிலும் வைத்திருப்பவள். பகலில் ஒரு லாட்ஜின் ரிசப்ஷனில் வேலை, கல்லூரி நாட்களில் யூனிவர்சிட்டி டீமுக்கு ஆடியவள், இன்னும் முப்பதைத் தொடவில்லை. பந்தெடுக்கப் பள்ளத்தில் இறங்கிய கீர்த்திகா குதிகாலை ஊன்றாமல் விரல்களால் இறங்குவதைப் பார்த்துவிட்டாள். மேலே ஏறி வரும்வரை காத்திருந்து, புல்லில் உட்காரச் சொல்லி, பூட்ஸைக் கழற்றி, குதிகாலின் இரண்டு பக்கமும் விரல் வைத்து மெல்ல அழுத்தினாள். கீர்த்திகாவின் கண்ணில் நீர் முட்டியது.

"எத்தன நாளா?"

கீர்த்திகா காலை இழுத்துக்கொண்டாள்.

"சரி, காலே சொல்லிருச்சு. நாளைக்கு அம்மாவக் கூட்டிட்டு சேலம் போய் டாக்டரப் பாரு."

டாக்டர் பயப்பட ஒன்றுமில்லை என்றுதான் சொன்னார். எலும்பு வேகமாக வளர்கிறது, தசைநார் அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் குதிகாலைப் பிடித்து இழுக்கிறது, ஓட்டத்தை நிறுத்தி வைத்தால் தானாகச் சரியாகும். ஈவ்லின் அக்கா அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். அவள் சொல்லும்வரை கீர்த்திகா ஓடக் கூடாது.

இதைக் கேட்டுக் கொதித்துப் போனவர் கீர்த்திகாவின் அப்பா கருப்பண்ணன். கொட்டச்சேட்டுக்கும் ஏற்காட்டுக்கும் ஜீப் ஓட்டுகிறவர். மகள் ஆடுவதை ஜீப்பில் ஏறும் டூரிஸ்டுகளிடம்கூடச் சொல்லிவைத்தவர், இப்போது அவள் சும்மா உட்கார்ந்திருக்கிறாள் என்று எந்த முகத்தோடு சொல்வது? நேராகக் கிரவுண்டுக்கே வண்டியை விட்டார். கோபமாகத்தான் வந்தார், ஆனால் அவர் ஊர் வாய்க்கு மரியாதை இல்லாமல் கோபப்படவும் தெரியாது.

"ஏனுங்க மேடம், ஓடற புள்ளைய ஒக்கார வெச்சா அது என்னங்க கோச்சிங்கு?"

"எலும்பு முந்திக்கிட்டுப் போகுதுங்கண்ணா. சதையும் நரம்பும் பின்னால வந்து சேரோணும். இப்பப் போட்டு ஓட்டினா இந்த வருசம் ஆடுவா. பொறுத்தா வருசக்கணக்கா ஆடுவா."

கருப்பண்ணன் ஜீப்பின் பானெட்டைத் தட்டினார். "அப்ப எஞ்சின் எறக்கி வேல பாத்த வண்டியாட்டங்கறீங்க. கொஞ்ச நாளைக்கு மெதுவாத்தான் உடோணும். மேட்டுல இழுக்கக் கூடாது."

"அதேதானுங்க."

"அத மொதல்லயே இப்பிடிச் சொல்லியிருந்தா நான் எதுக்குங்க டீசல் போட்டு வாரேன்?"

அன்றிலிருந்து ஜீப்பில் ஏறியவர்கள் எல்லோரிடமும் தன் மகள் புது எஞ்சின் என்று சொல்ல ஆரம்பித்தார். முன்சீட்டில் உட்கார்ந்து அதைக் கேட்கும்போதெல்லாம் கீர்த்திகாவுக்கு ஜீப்பிலிருந்து குதித்துவிடலாம் போலிருக்கும்.

ஓடக் கூடாதே தவிர, ஈவ்லின் அக்கா அவளைச் சும்மா விட்டுவிடவில்லை. கிரவுண்டின் சுவரில் கை ஊன்றிக் கெண்டைக்கால் இழுபடும்படி தள்ள வேண்டும். மாதக்கணக்கில் தள்ளியும் சுவர் நகரவில்லை, கால்தான் இளகிக்கொண்டு வந்தது. ஒற்றைக் காலில் நின்று, தூக்கிப் போடும் பந்தைப் பிடிக்க வேண்டும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். வீட்டில் ஒற்றைக் காலில் நின்று பல் தேய்க்கும் மகளைப் பார்த்து அம்மா, "கொக்கு மாதிரி நிக்கிறா, மீனு எப்பப் புடிப்பாளோ" என்றாள். முதலில் ஆடி ஆடி விழுந்தவள், தன்னையறியாமல் நிற்கத் தொடங்கினாள். தன் கால் எங்கே முடிகிறது என்பது மெல்ல மெல்ல அவளுக்குத் திரும்பத் தெரிய வந்தது.

அதெல்லாம் சுலபம். கஷ்டமானது இன்னொன்று. மற்றவர்கள் ஆடும்போது அவள் மேட்டுக் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து, யார் ஆளில்லாமல் சும்மா நிற்கிறாள், பந்து அடுத்து எங்கே போக வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

"காலுக்குத்தான் லீவு. கண்ணுக்கும் வாய்க்கும் இல்ல. சொல்லு."

"ஐஸ்வர்யா" என்று முணுமுணுத்தாள் கீர்த்திகா.

"எனக்கே கேக்கல. ஐஸ்வர்யாவுக்கு எப்பிடிக் கேக்கும்?"

சொல்வது மெல்லத்தான் வந்தது. ஆனால் பார்ப்பது சீக்கிரமே பிடித்துப்போனது. ஆடும்போது அவள் பார்த்ததெல்லாம் தன் காலும் பந்தும்தான். மேலேயிருந்து பார்க்கையில்தான் கிரவுண்டு முழுக்க ஆட்கள் இருப்பதே தெரிந்தது. இவள் இங்கே நகர்ந்தால் அங்கே ஓர் இடம் காலியாகிறது, அந்த இடத்துக்கு யாரும் போகாமல் அது வீணாகக் கிடக்கிறது. ஐயோ, போகக் கூடாதா என்று அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஒருநாள் சேர்வராயன் மலைப் பக்கமிருந்து மேகம் இறங்கிக் கிரவுண்டையே மூடிவிட்டது. எதிரில் நிற்பவள் முகம்கூடத் தெரியாத அந்த வெள்ளைக்குள் ஈவ்லின் அக்கா ஆட்டத்தை நிறுத்தாமல், "பேசிக்கிட்டே ஆடுங்க" என்றாள். அன்றைக்குத்தான் கீர்த்திகாவின் குரல் வெளியே வந்தது. யாரும் தன்னைப் பார்க்கவில்லை என்ற தைரியத்தில், "மேடு, ஐசு, மேடு!" என்று அவள் போட்ட சத்தத்தில் ரிஸ்வானாவே அரண்டு, "யாருப்பா அது புதுசா?" என்றாள். மேகம் விலகியதும் குரலும் அதோடு போய்விட்டது.

வலி போய், ஓட அனுமதி கிடைத்த அன்று கீர்த்திகாவுக்குத் தலைகால் புரியவில்லை. நேராகத் தன் பழைய இடமான மேட்டுப் பக்க விங்கில் போய் நின்றாள். ஈவ்லின் அக்கா அவளைக் கூப்பிட்டாள். அந்த இடத்தில் இனி ஐஸ்வர்யா ஆடட்டும், நீ பின்னால், டிஃபென்ஸின் நடுவில் நில் என்றாள். கீர்த்திகா தலையாட்டிவிட்டுப் போய் நின்றாள். ஆட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகும் போகவில்லை. பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக் கட்டி அவிழ்த்துக் கட்டி, கடைசியில் கேட்டேவிட்டாள்.

"நான் முன்ன ஆடுன ஆட்டம் இனி வராதாக்கா?"

வரும் கண்ணு என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஈவ்லின் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். "வராது. அது அந்த ஒடம்போட ஆட்டம். இந்த ஒடம்புக்குன்னு ஒரு ஆட்டம் இருக்குது. அது எப்பிடி இருக்கும்னு எனக்கும் தெரியாது. தேடிப் பாக்கலாம்."

அன்று ஜீப்பில் போகும்போது கீர்த்திகா முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். ஆனாலும் அந்தக் கடைசி வார்த்தை அவளை விடவில்லை. படுத்த பிறகு போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த தன் பாதங்களை, யாரோ புதிதாக வந்தவர்களைப் பார்ப்பதுபோல வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தை பிறந்ததும் சேலத்தில் மாவட்டப் போட்டி. தோற்றால் அன்றைக்கே வீடு, பிறகு அடுத்த வருஷம்தான். மற்ற மலைக் குழுக்களோடு ஆடியதெல்லாம் சொந்தக் கிரவுண்டில், கீழே இறங்கி ஆடுவது இதுவே முதல் தடவை. கருப்பண்ணன் ஜீப்பில் பாதிப் பேரை அடைத்துக்கொண்டார், மீதிப் பேர் பஸ்ஸில். கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டு பேர் வாந்தியெடுத்தார்கள். அடிவாரம் வந்ததும் ரிஸ்வானா, காது அடைத்துக்கொண்டது, தான் பேசுவது தனக்கே கேட்கவில்லை என்று புகார் சொன்னாள். மற்றவர்கள் அவளைப் பொறாமையோடு பார்த்தார்கள்.

கிரவுண்டைப் பார்த்ததும் எல்லோரும் நின்றுவிட்டார்கள். தோசைக்கல் போலச் சமமாகக் கிடந்தது. ரிஸ்வானா பந்தைத் தரையில் வைத்துக் கையை எடுத்தாள். பந்து அப்படியே இருந்தது. "ஏக்கா, இது எங்கயுமே போக மாட்டேங்குது!" எல்லோரும் சிரித்தார்கள், ஈவ்லின் அக்காவும்தான். சிரித்த நேரத்தில் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

விசில் ஊதியதும் விஷயம் புரிந்துவிட்டது. ஐஸ்வர்யா அடித்த முதல் பாஸ் ஆளே இல்லாத பக்கம் போய்க் கோட்டைத் தாண்டியது. அடுத்ததும் அப்படியே. கால்கள் பழைய கணக்கிலேயே மேடு பார்த்து அடித்தன, மேடு இல்லாததால் பந்து இறங்கி வரவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர்களுக்கோ கூடம் நேராக இருந்ததுதான் சங்கடம். அதைவிடப் பெரிய கூத்து, யாரோ "மேடு!" என்று கத்தினார்கள். ஏற்காட்டில் முதல் பாதியில் மேடு இடது கைப் பக்கம், ஆகவே பாதிப் பேர் இடது பக்கம் ஓடினார்கள். ஏற்காட்டில் சூரியன் மேட்டுப் பக்கம் இறங்கும், ஆகவே மீதிப் பேர் சூரியனைப் பார்த்து வலது பக்கம் ஓடினார்கள். இரண்டு பேர் நடுவில் மோதி உட்கார்ந்தார்கள். சேலத்துப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

கீர்த்திகாவுக்கு எல்லாம் தெரிந்தது. பின்னால் நடுவில் நிற்பவளுக்குக் கிரவுண்டு முழுதும் தெரியும், அவளுக்குத்தான் பார்க்கப் பழகியிருந்ததே. எதிரணியின் விங்கில் குட்டையாக ஒரு பெண், போன வருஷத்துக் கீர்த்திகாவைப் போலவே விறுவிறுவென்று, யாரும் கவனிக்காத இடத்தில் நுழைவதைப் பார்த்தாள். கத்த வேண்டும். வாயையும் திறந்தாள். கோட்டோரம் அத்தனை முகங்கள், அத்தனை கண்கள். திறந்த வாயை மூடிக்கொண்டாள். அந்தப் பெண் வாங்கினாள், அடித்தாள். ரிஸ்வானாவின் கையைத் தாண்டிப் பந்து உள்ளே போனது.

பாதி ஆட்டத்தில் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு திட்டு வாங்கத் தயாராக உட்கார்ந்தார்கள். ஈவ்லின் அக்கா எதிரே வந்து நின்று, எதையோ சொல்ல ஆரம்பித்து, முடியாமல் சிரித்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தப்பு என்னோடதுதான்" என்றாள். "சமதரைய உங்க கண்ணுல காட்டாமயே கூட்டியாந்துட்டேன். எனக்கு ஒறைக்கவே இல்ல. சரி, இப்ப என்ன பண்ணலாம்? நீங்கதான ஆடறீங்க, நீங்களே சொல்லுங்க."

தண்ணீர் பாட்டில் கைமாறிக்கொண்டிருந்தது. கீர்த்திகாவிடம் பதில் இருந்தது, முன்பு குரல் வெளியே வராமல் போனதற்கு ஒரு கோல் விலையாகப் போயிருந்தது. இன்னொன்று கொடுக்க அவளுக்கு மனசில்லை.

"டீக்கடைப் பக்கம் மேடு" என்றாள்.

எல்லோரும் நிமிர்ந்தார்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு டீக்கடை இருந்தது. கருப்பண்ணன் அங்கே நின்று டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"தண்ணி டேங்க் இருக்கற பக்கம் பள்ளம். ஆனா பந்து எறங்காது. ஆளப் பாத்து நேரா அடிங்க." மூச்சு வாங்கிக்கொண்டாள். "எங்கன்னு நான் சொல்றேன்."

ரிஸ்வானா ஈவ்லின் அக்காவைப் பார்த்தாள், பிறகு கீர்த்திகாவைப் பார்த்தாள். கிண்டல் எதுவும் சொல்லாமல் தண்ணீர் பாட்டிலை அவளிடம் நீட்டினாள்.

இரண்டாம் பாதியின் முதல் சத்தம் கிழிந்த குரலாகத்தான் வந்தது. ஆனால் வந்துவிட்டது. "மேடு! ஐசு, மேடு!" எல்லோரும் டீக்கடைப் பக்கம் நகர்ந்தார்கள், பந்தும் அங்கேயே போனது. தன் ஒரு வார்த்தைக்குப் பத்துப் பேர் அசைவதைக் கண்டதும் கீர்த்திகாவுக்கு உடம்பெல்லாம் ஒரு சிலிர்ப்பு ஓடியது. பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. பின்னால பாரு, விடு, திரும்பு, உனக்கு ஆள் இல்ல, பள்ளம், பள்ளம்! இத்தனை வருஷம் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் அன்றைக்கே செலவழிக்கப் போகிறவள்போலக் கத்தினாள். டீக்கடையில் கருப்பண்ணன் பக்கத்தில் நின்ற ஆளிடம், "ஏனுங்க, அது நம்ம புள்ளைங்களா கத்தறது?" என்று கேட்டார். அந்த ஆளுக்கு இவரும் தெரியாது, பிள்ளையும் தெரியாது. இருந்தாலும் ஆமாங்க என்றார்.

ஐஸ்வர்யா ஒரு கோல் போட்டுச் சமன் செய்தாள். ஏற்காட்டுப் பெண்கள் அவள்மேல் விழுந்து எழுவதற்குள் ரெஃப்ரி பலமுறை விசிலடித்துவிட்டார். அதன் பிறகு நேரம் கரைந்துகொண்டே வந்தது. யாருக்கும் அடுத்த கோல் விழவில்லை.

கடைசி நிமிடங்களில் அந்தக் குட்டைப் பெண் மறுபடி வந்தாள். ஒருத்தியைத் தாண்டினாள், இன்னொருத்தியைத் தாண்டினாள், எதிரே கீர்த்திகா மட்டும். அவள் அடுத்து என்ன செய்வாள் என்று கீர்த்திகாவுக்குத் தெரியும், தானே செய்த வித்தை அது. இடது பக்கம் போவதுபோலக் காட்டி வலது பக்கம் தட்டுவாள். தட்டினாள். கீர்த்திகா யோசிக்கவில்லை. வலது கால் தானாக நீண்டது. குட்டைக் கீர்த்திகாவாக இருந்திருந்தால் ஒரு முழம் குறைந்திருக்கும். இந்தக் கால் போய்ச் சேர்ந்தது. பந்து அதில் மெத்தென்று வந்து நின்றது.

மேட்டில் ஆளில்லை, பள்ளத்திலும் இல்லை. எல்லோருக்கும் காவல் இருந்தது. எதிரே, நட்டநடுவில், கிரவுண்டே பிளந்து வழிவிட்டதுபோல ஒரு நீளமான இடம் காலியாகக் கிடந்தது. அங்கே யாராவது போகக் கூடாதா என்று நினைத்தவள், போனாள்.

பத்துப் பன்னிரண்டு எட்டில் நடுக்கோடு வந்துவிட்டது. அவளுக்கே ஆச்சரியம். ஓர் எட்டு வைத்தால் இவ்வளவு தூரமா? பின்னால் துரத்துகிறவர்களின் மூச்சுச் சத்தம் கேட்டு, பிறகு குறைந்து, பிறகு இல்லாமல் போனது. கோட்டோரத்தில் ஈவ்லின் அக்கா கையைத் தூக்கி எதையோ சொல்ல வந்தவள், அந்தக் கையை அப்படியே தலைமேல் வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். கருப்பண்ணன் டீ கிளாஸோடு கோட்டைத் தாண்டி உள்ளேயே வந்துவிட்டார், யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். கீர்த்திகா எதையும் பார்க்கவில்லை, காலையும் பார்க்கவில்லை. கோல் கீப்பர் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு வெளியே ஓடி வந்தாள். வியர்வை கண்ணில் இறங்கியது. பந்து எந்தப் பக்கமும் சாயாமல் முன்னால் உருண்டுகொண்டிருக்க, அதன் பின்னால் கீர்த்திகா வாய்விட்டுச் சிரித்தபடி ஓடிக்கொண்டிருந்தாள்.